வாட்டம் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள்

கச்சிராயபாளையத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. அதுவரை எனக்கு மலை என்பது பஸ் ஜன்னலில் தூரத்து நீலமாகத் தெரிந்து மறைவது, அவ்வளவுதான். சேர்ந்த முதல் வாரமே, கல்வராயன் மலைச் சரிவில் இருக்கும் மூன்று சின்ன ஊர்கள் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள். பஸ் போகும் மலைச்சாலை அந்த ஊர்களைத் தொடாமல் வேறு பக்கமாக ஏறிப் போனது. அங்கே போக அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்றுதான் இருந்தது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய், மருந்தை ஐஸ் பெட்டியில் வாங்கிக்கொண்டு திரும்புவேன். கரண்ட் நின்று நின்று வரும் காலம். பெட்டிக்குள் வைக்கும் ஐஸ் பாக்கெட்டுகள் பாதி உறைந்தும் பாதி தண்ணீருமாகத்தான் கிடைக்கும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஏறினால், மேலே போய்ச் சேரும்போது பெட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருக்கும். சூடு கண்ட மருந்தைக் குழந்தைக்குப் போடக் கூடாது. வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது முறையும் அப்படி ஆனபோது, கைக்குழந்தையோடு காத்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். மலையில் யாரையும் ஒருமையில்தான் பேசுவார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"மருந்து கெட்டுப்போறது வெயில்லயா, நீ நடக்கற நடையிலயா?"

பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டேன். கீழே இறங்கும்போது அழுதுகொண்டே வந்தேன். அடிவாரத்தை ஒட்டிய சாலையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கடைக்காரர் முப்பது வயதுக்காரர், பேச்சுக்காரர். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நர்சம்மா, வாரா வாரம் புதங்கெழம அழுதுக்கினே வர்றீங்க?"

சொன்னேன். பாதை மட்டும் சரியாக இருந்தால் சைக்கிளில் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்றார் அவர். நான் அதை ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கூடவே மண்வெட்டியும் கடப்பாரையுமாக இன்னொருவர். காலனியில் குடியிருந்த கல் உடைக்கிற தொழிலாளி அவர். அவருடைய இரண்டாவது குழந்தை பிறந்தபோது நான்தான் கூட இருந்தேன். அந்த நன்றிக்காக வந்தாரா, கடைக்காரர் கூப்பிட்டதற்காக வந்தாரா என்று இன்றுவரை தெரியாது. அதிகம் பேசாதவர்.

வனக்காவலரிடம் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கினோம். மரத்தில் கை வைக்கக் கூடாது, உண்ணி முட்புதரை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். நாலு ஞாயிறு வேலை செய்து, மலைக்காரர்கள் நடக்கிற தடத்தையே அகலப்படுத்தினோம். கடைக்காரரின் நண்பர்கள் சிலர் வந்தார்கள், மேலிருந்து சில ஆண்கள் இறங்கி வந்தார்கள். எங்களுக்கு ஒரே பெருமை. ஐந்தாவது வாரம் ஒரு நல்ல மழை பெய்தது. போய்ப் பார்த்தால் பாதையைக் காணோம். நாங்கள் வெட்டிய இடம் முழுக்க முழங்கால் ஆழத்துக்கு ஓடையாகப் பறிந்து கிடந்தது.

அன்று மேலே இருந்து அந்தக் கைக்குழந்தைக்காரி இறங்கி வந்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"தண்ணி போற வழியில நீங்க ரோடு போட்டிருக்கீங்க. அது உங்களுக்கு வழி வுடுமா?"

சுமை தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் மலையில் நேராக ஏறுவார்கள். தண்ணீரும் நேராக இறங்கும். இரண்டுக்கும் ஒரே தடம். சக்கரத்துக்கு அது ஆகாது. சக்கரம் சரிவைக் குறுக்கே கடந்து, வளைந்து, மறுபடி குறுக்கே கடந்துதான் ஏற வேண்டும். அவள் எங்களை அந்த மழையிலேயே காட்டுக்குள் கூட்டிப் போனாள். உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கடைக்காரர், கல் உடைக்கிறவர், நான், அவள் என்று நாலு பேரும் போனோம். எங்கே தண்ணீர் ஊறுகிறது, எங்கே மேலோடு வழிகிறது, எந்தப் பாறைக்கு அடியில் மண் உறுதியாக இருக்கிறது என்று அவள் காட்டக் காட்ட நாங்கள் குச்சி நட்டுக்கொண்டே வந்தோம். சாயங்காலம் கீழே நின்று பார்த்தபோது குச்சிகள் ஏழு வளைவுகளாக மலையில் ஏறிப் போயிருந்தன.

அதிலிருந்து எங்கள் வேலை தலைகீழாக மாறியது. ஊரில் மழை வந்தால் வேலையை நிறுத்துவார்கள். எங்களுக்கு மழை வந்தால்தான் வேலை. ஆனால் மழையில் வெட்ட மாட்டோம். ஈரச் செம்மண்ணை வெட்டினால் அது களியாகிக் காலோடு வரும், பிறகு ஒட்டாது. மழையில் நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்து, அங்கே ஒரு குச்சி நட்டுவிட்டு வருவோம். மண் பிட்டு மாதிரி உதிரும் பதத்துக்கு வந்த பிறகு போய் வெட்டுவோம்.

கல் உடைக்கிறவர் அடிக்கடி சொன்ன ஒரே வார்த்தை வாட்டம். வீட்டுத் தரைக்கு, மாடித் தளத்துக்குத் தண்ணீர் வழிய வைக்கிற சாய்வு. பாதையில் பள்ளத்துப் பக்கம் இருக்கும் வெளி ஓரம் உள் ஓரத்தைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையில் ஓடாமல் குறுக்கே தாண்டி விழுந்துவிடும். அதையும் மீறி ஓடுகிற தண்ணீருக்கு, அங்கங்கே சாய்வாக ஒரு வரிசைக் கல் பதித்து வெளியே தள்ளிவிட வேண்டும். ஊறும் இடங்களில் பட்டைக் கல்லை நிறுத்தி வைத்து அடுக்குவார். படுக்கவைத்த கல் மழையில் மிதக்கும், நிற்கவைத்த கல் நிற்கும் என்பார். கடைக்காரர் மண்வெட்டியில் கெட்டிக்காரர். கண்ணாலேயே வாட்டம் பார்த்துவிடுவார். ஒருவர் கல், ஒருவர் மண். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வளைவை முடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வார்த்தையே தேவைப்படாது.

மதியத்தில் அந்த மலைப்பெண் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் கொண்டு வருவாள். ஒரு பாறைத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு தின்போம். ஒரே குடம், ஒரே சொம்பு. எல்லாரும் அதில்தான் குடித்தோம். இதைப் பெரிதாக எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் கீழே இறங்கிவிட்டால் நிலைமை வேறு. சைக்கிள் கடைக்கு வந்தால் கல் உடைக்கிறவர் பந்தலுக்கு வெளியேதான் நிற்பார். உள்ளே வா என்று கடைக்காரரும் சொன்னதில்லை. மேலே கடைக்காரரை "ண்ணா" என்பவர், கீழே "சாமி" என்பார். நானும் அதைப் பார்த்தேன், எதுவும் கேட்கவில்லை. நான் என்ன சாதி ஆள் என்று இருவரும் முதல் வாரத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

கடைக்காரர் எனக்கென்று ஒரு சைக்கிள் செய்தார். பழைய லேடீஸ் சைக்கிள். மட்கார்டு இரண்டையும் கழற்றிவிட்டார், செம்மண் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும் என்று. முன்னால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளின் பல்சக்கரத்தை மாட்டினார். அதில் சமதரையில் போனால் கால் பறக்கும், சைக்கிள் நகராது. ஆனால் மேட்டில் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். பெட்டியைக் கேரியரில் வைத்து டியூப் ரப்பரால் கட்டுவோம். முதல்முதலாக ஐஸ் கரையாமல் மேலே போய்ச் சேர்ந்த புதன்கிழமை, பெட்டியைத் திறந்து பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் மரத்தது. அந்த ஊரில் பன்னிரண்டு குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றினேன். ஒவ்வொரு தாயும் அந்த ஐஸ் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. பிறகு இடஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது.

கடைக்காரருக்கு அதில் நியாயம் இருந்தது. அவருடைய தம்பி நல்ல மார்க் வாங்கி, நான்கு இடத்தில் வேலைக்கு எழுதிப்போட்டு, எங்கும் கிடைக்காமல் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். எங்கள் சாதிக்கென்று தனியாகப் பங்கு கொடுத்தால் இவன் மாதிரி ஆட்கள் பிழைப்பார்கள் என்று பாதையில் வேலை செய்யும்போது பலமுறை சொல்லியிருக்கிறார். கல் உடைக்கிறவரும் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார். சாலை மறியல் அறிவித்தபோது கடைக்காரரின் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்றார்கள். அவரும் போனார்.

சாலை ஓரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. போலீஸ் லாரிகளும் திரும்பிப் போயின. புதன்கிழமை வந்தபோது நான் அந்தச் சின்னப் பல்சக்கர சைக்கிளிலேயே கள்ளக்குறிச்சிக்குப் போனேன். போகும்போது ஒவ்வொரு மரத்தின் மேலும் சைக்கிளைத் தூக்கித் தாண்ட வைத்தேன். திரும்பும்போது ஒரு பெரிய மரத்தருகே கூட்டம். நடுவில் கோடரியோடு கடைக்காரர் நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. யாரோ சைக்கிளைத் தடுக்க வந்தார்கள். அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, வேறொருவரைக் கூப்பிட்டு, சைக்கிளைப் பெட்டியோடு தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

"ஐசு கரையறதுக்குள்ள போய்ச் சேருங்க" என்றார்.

அந்த வாரக் கடைசியில் மறியல் கூட்டத்திலிருந்து சிலர் போய், சுற்றுப்பக்கத்து ஊர் ஒன்றில் காலனிக் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். எந்த ஊர் என்று இங்கே எழுத வேண்டாம். எரிந்த குடிசைகளில் ஒன்று கல் உடைக்கிறவரின் அக்கா வீடு. நான் காயத்துக்குக் கட்டுப் போடப் போனபோது அவர் அங்கே கரியான கூரைக் கழிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். அக்காவின் கையைக் காட்டிவிட்டு மறுபடி வேலையில் இறங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு பாதைக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. புதன்கிழமைகளில் நான் மட்டும் போனேன். இலைச்சருகு அடைத்து, தண்ணீரைத் தள்ளிவிடும் கல்வரிசைகளைத் தாண்டித் தண்ணீர் பாதையிலேயே ஓடத் தொடங்கியிருந்தது. நாலாவது வளைவின் வெளி ஓரம் சரிந்து பாதி காணாமல் போயிருந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தேன். என் கையால் கொஞ்சம் சருகு வாரினேன். எத்தனை இடத்தில் வாருவது? இந்த மழை முடியும்போது பாதையும் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை போனபோது, முதல் மூன்று வளைவுகளில் சருகு முழுக்க வாரப்பட்டிருந்தது. மண் புதிதாகச் செதுக்கப்பட்டு, வெளி ஓரம் இறக்கப்பட்டிருந்தது. அதற்கும் அடுத்த வாரம், நாலாவது வளைவின் சரிந்த இடத்தில் மூன்று வரிசைக் கல் ஏறியிருந்தது. எல்லாம் நிற்கவைத்த கல். மேலே போய் மலைப்பெண்ணிடம் கேட்டேன். கடைக்காரன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான், கல்லுக்காரன் வெள்ளிக்கிழமை வருகிறான் என்றாள். ஒருவன் வருவது இன்னொருவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பாதையைப் பார்த்தால் தெரியாதா என்றாள்.

அப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. நான் நடுவில் தகவல் சொல்கிறவள் ஆனேன். ஒருநாள் காலனியில் குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தபோது, கல் உடைக்கிறவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"அஞ்சாவது வளைவுல வாட்டம் எந்தப் பக்கம் வெக்கப் போறாருன்னு கேளுங்க நர்சம்மா. அதுக்கேத்த மாதிரிதான் நான் கல்லு வெக்கணும்."

கடைக்காரரிடம் கேட்டேன். மண்ணை உள்பக்கம் சாய்த்து ஓரத்தில் ஒரு வாய்க்கால் விடலாம் என்று இருப்பதாகச் சொல்லி, அவருக்கு அது சரிப்படுமா என்றும் கேட்டு வரச் சொன்னார். கேட்டுச் சொன்னேன். இப்படி வாட்டமும் கல்லுமாக மட்டுமே அவர்கள் பேசிக்கொண்டார்கள், அதுவும் என் வாயால்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு பெரிய மழையில், ஆறாவது வளைவில் மாட்டு வண்டி அளவுக்கு ஒரு பாறை உருண்டு வந்து பாதையின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஓர் ஆளால், ஒரு கடப்பாரையால் அதை அசைக்க முடியாது. புதன்கிழமை நான் பார்த்தேன். இரண்டு பேரிடமும் சொன்னேன். யாரையும் வரச் சொல்லவில்லை, பாறையின் அளவை மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை தூறலில் நான் ஏறிப் போனபோது, இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். மலைப்பெண் சற்று மேலே நின்று, உருண்டால் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கடப்பாரைகளும் பாறைக்கு அடியில் இருந்தன. "இன்னும் கொஞ்சம் உள்ள", "இரு இரு", "இப்ப" என்பதைத் தவிர அங்கே பேச்சில்லை. நானும் ஒரு கழியைக் கொடுத்துத் தள்ளினேன். நண்பகலுக்கு மேல் பாறை ஒருமுறை முனகி, புரண்டு, சரிவில் இறங்கிப் போனது. அது நிற்கும் வரை கேட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

எல்லாரும் சேற்றிலேயே உட்கார்ந்தோம். கடைக்காரர் கடப்பாரையில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் வழித்துக்கொண்டே பேசினார்.

"நான் மரந்தான் வெட்டனேன். அந்தப் பக்கம் நான் போவல."

கல் உடைக்கிறவர் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார்.

"போவலன்னு தெரியும்" என்றார். பிறகு, "போனவங்கள நிறுத்தவும் இல்ல" என்றார்.

குரலில் கோபம் இல்லை. பாறையின் எடையைச் சொல்வது போலச் சொன்னார். கடைக்காரர் கடப்பாரையைத் தரையில் வைத்தார். அவர் பேச்சுக்காரர் என்று சொன்னேன் அல்லவா, ஏதாவது காரணம் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"ஆமா" என்றார். அவ்வளவுதான்.

மலைப்பெண் கிழங்குக் கூடையை நடுவில் வைத்தாள். தின்றோம். பிறகு பாறை உட்கார்ந்திருந்த பள்ளத்தை நிரப்ப ஆரம்பித்தோம். ஒருவர் கல், ஒருவர் மண்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரே நாளில் வந்தார்கள். பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். "ண்ணா" என்பது திரும்ப வரவில்லை. கீழே "சாமி" என்பதும் நின்றுவிட்டது. என்ன கூப்பிடுவது என்று தெரியாமல் எதுவும் கூப்பிடாமலே பேசினார்கள். கல் உடைக்கிறவரின் அக்காவுக்கு வீடு கட்டியபோது கடைக்காரர் போய்த் தரைக்கு மண் கொட்டினார் என்று காலனியில் சொன்னார்கள். அவரிடம் கேட்டேன். ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, கோணலாக ஓடுகிறதா என்று கோட்டம் பார்த்தார். கடைக்காரரின் சாதிக்காரர்கள் நடத்திய போராட்டத்துக்கும் பிறகு பலன் கிடைத்தது. தம்பிக்கு வயது கடந்துவிட்டிருந்தது.

எனக்கு ரிஷிவந்தியத்துக்கு மாறுதல் வந்த வருஷம், மேல் ஊர்களுக்கு ஜீப் சாலை போட அளந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பாதைக்கு இனி அதிக வேலை இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த மழைக்கும் சருகு வாரினோம். நான் எத்தனையோ ஊர்களில் வேலை பார்த்துவிட்டேன், எத்தனையோ நல்ல மனிதர்களைக் கண்டேன். என்றாலும் மழை இருட்டிக்கொண்டு வரும்போது மனம் போய் நிற்பது அந்த ஏழு வளைவுகளில்தான். எல்லாரும் வீட்டுக்கு ஓடுகிற நேரத்தில் நாங்கள் நாலு பேர் வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

கடைசிப் புதன்கிழமை, ஊசி போட்டு முடித்து, காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தூறிக்கொண்டிருந்தது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கியது. மற்ற நாட்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடத்திலும் அன்று இறங்கவில்லை. செருப்புக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே, ஒவ்வொரு வளைவிலும் உடம்பைச் சாய்த்துத் திருப்பி, சேலை முழுக்கச் செம்மண் தெறிக்க, ஓர் இடத்தில்கூட விழாமல் அடிவாரம் வரை வந்து சேர்ந்தேன். கடைக்காரர் வெளியே வந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். இந்தச் சேலை இனி வெளுக்காது என்றார். அது உண்மைதான், வெளுக்கவே இல்லை.